முட்டுக்கட்டை

"குரங்கு பாய்ஞ்சது பாணந்துறையில. நுரைச்சோலை மின்நிலையம் கிடக்கிறது புத்தளத்துக்கு அங்கால. அது ஏன் சேர் நிண்டது?"

சனிக்கிழமை வகுப்பின் கடைசி வரிசையில் இருந்து ஒரு பெடியன் கேட்டான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. பாணந்துறை கிரிட் சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில் முட்டியதுதான் தொடக்கம் என்று அமைச்சரே சொல்லிவிட்டதால், அந்த வாரம் கொழும்பில் எங்கே போனாலும் குரங்குப் பகிடிதான். வெள்ளவத்தையில் நான் வழக்கமாக வாழைப்பழம் வாங்கும் கடைக்காரர் சீப்பைக் கையில் தந்துவிட்டு, "வீட்டுக்கோ, ட்ரான்ஸ்போமருக்கோ?" என்றார். நானும் சிரித்தேன். பெடியன் பகிடிக்குக் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து, பேனையையும் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

நான் சில வருடங்கள் மின்சாரத் துறையில் பொறியியலாளனாக இருந்தவன். பிறகு விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில், மின்நிலையங்களிலும் சப்ஸ்டேஷன்களிலும் ஒப்பரேட்டர்களாகப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பாடம் எடுக்கிறேன். மின்சாரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி ஊர் ஊராகப் போகிறது, நடுவில் எது எது குறுக்கே நிற்கிறது, இவ்வளவும் தமிழில். பல வருடமாக இதே பாடம்தான். படங்கள் தயார், பகிடிகளும் தயார். அவன் கேள்விக்கும் பதில் தயாராகத்தான் இருந்தது. பலகையில் போட்டுக் காட்டினேன், அவனுக்கும் விளங்கிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவன் கேட்ட இரண்டாவது கேள்விதான் என்னைப் பல மாதங்கள் விடாமல் துரத்தியது.

"அப்ப, அந்த நேரம் ட்யூட்டியில இருந்த ஒப்பரேட்டர் என்ன செய்திருக்கலாம்?"

"ஒண்டும் செய்திருக்கேலாது," என்றேன். வகுப்பு பேசாமல் இருந்தது. அவன் குனிந்து அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

அன்று மாலை 100 ஆம் இலக்க பஸ்ஸில் வீடு திரும்பினேன். பஸ்ஸின் பலகையில் 'பாணந்துறை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்றால், எதற்காக நான் இவர்களைச் சனிக்கிழமை தோறும் கூட்டிவைத்துக்கொண்டு இருக்கிறேன்?

பலகையில் போட்ட கணக்கு

அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் மற்றது விளங்கும். நம்முடைய வலையமைப்பில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளப் பெரிதாக இடம் கிடையாது. நாட்டில் யாரோ ஒருவர் ஃபேன் போடுகிற அந்தக் கணத்திலேயே அதற்கான மின்சாரம் எங்கோ பிறந்தாக வேண்டும். பிறப்பதும் செலவாவதும் சமமாக இருக்கும்வரை மீடிறன் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். செலவு கூடினால் எந்திரங்கள் களைத்துச் சுழற்சி குறையும், மீடிறன் இறங்கும். பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்தது வேலைக்குப் போனதும் ஃப்ரீக்வென்சி ஆகிவிடும். வலு பவர் ஆகும், மின்பிறப்பாக்கி ஜெனரேட்டர் ஆகும். சுழல்வது சட்டென்று வேகம் மாறாமல் நிற்கும் குணமான சடத்துவம் மட்டும் வேறு பெயர் எடுக்காது. வேலைத்தலத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நம் காலை வாரிவிட்டது சடத்துவம் குறைந்ததுதான். சுழலும் கனத்த உருளைகளில் கொஞ்சம் சக்தி எப்போதும் தேங்கி நிற்கும். பலகைக்காக இலக்கங்களை உருட்டி எடுத்துக்கொண்டேன்: 2000 மெகாவாட் ஓடுகிறது, எல்லாம் சுழலும் எந்திரங்கள், அவற்றில் தேங்கியிருப்பது முழு அளவில் 4 விநாடி ஓடப் போதுமான சக்தி. இதில் 200 மெகாவாட் திடீரென்று அறுந்துபோனால், மீடிறன் விநாடிக்கு 0.625 ஹேர்ட்ஸ் வீதம் விழும். இப்போது அதே 2000இல் பாதி கூரைகளிலும் வயல்களிலும் இருக்கும் சூரியத் தகடுகளில் இருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. அதே 200 போனால் விழும் வேகம் இரட்டிப்பு: விநாடிக்கு 1.25. ஒரு விநாடியில் 48.75 ஹேர்ட்ஸ். ஒரு தும்மல் நேரம்.

ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைகள் அடைப்பு, கேள்வி குறைவு, நல்ல வெயில். கனத்த எந்திரங்களில் பலவற்றுக்கு ஓட வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு இடத்தில் ஷோர்ட் ஆனால் அது அந்த இடத்தோடு நிற்காது. கோளாறை உணரும் கருவியான ரிலே, ஒவ்வொரு இடத்திலும் தன் வீட்டைக் காப்பாற்றத் தன் கதவைச் சாத்தும். அது அதன் கடமை. எல்லாரும் கதவைச் சாத்தினால் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நுரைச்சோலையின் 300 மெகாவாட் எந்திரங்களும் அப்படித்தான் நின்றன. நிலக்கரி எந்திரம் நின்றால் சுவிட்சைப் போட்டு எழுப்ப முடியாது. கொதிகலன், விசையாழி எல்லாவற்றையும் மெல்ல மெல்லச் சூடாக்கி எழுப்ப வேண்டும், அதற்கும் வெளியில் இருந்து மின்சாரம் வேண்டும். மாலைக்குள் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் வந்த பிறகும், திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்களே, அது இதனால்தான்.

இதில் மனிதனுக்கு எங்கே இடம்? ரிலே உணர்ந்து, லைனை அறுக்கும் சுவிட்சான பிரேக்கர் திறந்து முடிய நூறு மில்லிவிநாடி அளவு போதும். ஒப்பரேட்டர் கதிரையில் இருந்து எழும்ப முன்பே எல்லாம் முடிந்துவிடும். நான் பெடியனிடம் சொன்னது பொய்யல்ல. ஆனால் உண்மையில் ஒரு துண்டைத்தான் சொல்லியிருந்தேன். ஒப்பரேட்டரின் வேலை அந்த விநாடிகளுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. முன்னால் என்பது எந்தெந்தக் கனத்த எந்திரத்தை ஓடவிடுவது, எவ்வளவைக் கையிருப்பில் வைப்பது என்பது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பிற்பகல்வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் இந்தக் கணக்கில்தான். அது மேலிடத்துக் கணக்கு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். பின்னால் என்பது இருட்டில் இருந்து ஒவ்வொன்றாக எழுப்புவது. அதைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். தெரிந்தும் அதுவரை எந்த வகுப்பிலும் வாய் திறந்ததில்லை.

கவிழ்த்து வைத்த சைக்கிள்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் எடுக்கத் தேவையில்லை. எங்களுக்கு நாட்டின் வலையமைப்போடு இருந்த தொடர்பு அறுந்து, கரண்ட் என்ற சொல்லே கதையாகிவிட்டிருந்தது. பற்றரிக்குத் தடை. ஆனால் செய்தி கேட்க வேண்டும், பாட்டுக் கேட்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து ஹாண்டிலிலும் சீற்றிலும் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். எங்கள் வீட்டில் அது என் வேலை. அப்பா செய்தி கேட்பார், நான் சுற்றுவேன். மெதுவானால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும், அப்பா திரும்பிப் பார்ப்பார். அவ்வளவும்தான் எங்கள் கட்டுப்பாட்டு அறை.

ஒருநாள் அண்ணன் கெட்டித்தனமாக, ரேடியோ பாடிக்கொண்டு இருக்கும்போதே சைக்கிளின் முன் லைட்டையும் அதே வயரில் கொளுவினான். பெடல் சட்டென்று கனத்தது. கையில் யாரோ கல்லைக் கட்டியதுபோல். ரேடியோ நின்றுவிட்டது, பல்ப் செம்மஞ்சளாக ஒரு கணம் மினுங்கி அதுவும் நின்றது. அப்பா எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பின்னர் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்கப் படித்த ஒரு விடயத்தை என் மணிக்கட்டு அந்த இரவே படித்துவிட்டது: பாரம் கூடினால் எந்திரம் கனக்கும். கனத்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததும் போகும். கையை எடுத்தாலும் பின்சில்லு இன்னும் இரண்டு சுற்று சுற்றும், ரேடியோவும் அதுவரை முனகும். அதுதான் சடத்துவம்.

அப்படிப் படித்தவன்தான் பிறகு அதை மறந்தேன்.

"ஹரி, சேர்"

வருடத்தையும் இடத்தையும் சொல்லப்போவதில்லை. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத காலம். நாட்டில் பெரிய அளவில் கரண்ட் போன ஓர் இரவு. அப்படியான இரவுகளும் பகல்களும் நமக்குப் புதிதல்ல: 2016 மார்ச், 2020 ஓகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர் என்று யாருக்கும் நினைவிருக்கும். என் கதை அவற்றில் எதுவும் இல்லை, அதற்கும் முந்தியது. இருட்டில் இருந்து எழுப்பும் வேலைக்கு நீர்மின் நிலையம்தான் முதலாவது ஆள். வெளி மின்சாரம் இல்லாமலே, பற்றரியையும் சின்ன டீசல் எந்திரத்தையும் வைத்து வால்வைத் திறந்தால் தண்ணீர் வந்து எந்திரம் சுழலும். எங்கள் கையில் இருந்தது மலைநாட்டில் 30 மெகாவாட் எந்திரம் ஒன்று. அதை வைத்து, மற்ற வலையமைப்போடு சேராமல் தனியே ஓடும் ஒரு சிறு தீவை எழுப்பி, மெல்ல மெல்ல ஊர்களைச் சேர்த்துக்கொண்டே போய், மற்றப் பெரிய நிலையங்களைத் தொட வேண்டும்.

என்னோடு இருந்த மூத்தவர் மற்றத் தொலைபேசியில் இருந்தார். என் தொலைபேசியில் ஒரு சப்ஸ்டேஷன். அந்தப் பக்கம் இருந்தவர் என் அப்பாவின் வயதுள்ள சிங்கள ஒப்பரேட்டர், இருபது வருடத்துக்கு மேல் அதே நிலையத்தில் இருந்தவர். தீவில் அப்போது 12 மெகாவாட் ஓடிக்கொண்டிருந்தது. எந்திரத்தின் அளவோ 30. மிச்சம் 18 இருக்கிறது என்று என் தலை கணக்குப் போட்டது. சாதாரண நாளில் 4 மெகாவாட் எடுக்கும் ஒரு ஃபீடரை, அதாவது ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒரு லைனை, கொடுக்கச் சொன்னேன். அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு சிங்களத்தில், "அது கொஞ்சம் பெரிசு இல்லையா, சேர்?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஏன் ஆங்கிலத்தில் சொன்னேன் என்பதை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். மிச்சம் பதினெட்டு இருக்கிறது, கொடுங்கள் என்றேன்.

"ஹரி, சேர்," என்றார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி, அவ்வளவுதான்.

இரண்டு மூன்று மணித்தியாலம் இருட்டில் கிடந்த ஊர் கரண்ட் வந்ததும் நேற்று எடுத்த அளவை எடுக்காது. எல்லா ஃப்ரிட்ஜும் ஒன்றாகச் சூடாகிக் கிடக்கும், ஒன்றாகத் தொடங்கும். தண்ணீர் மோட்டார்கள், ஃபேன்கள், நிறுத்த மறந்த லைட்டுகள். 4 என்று தாளில் இருந்தது 7ஐத் தாண்டி இழுத்தது. எந்திரத்தில் மிச்சம் இருந்தது உண்மைதான், ஆனால் நீர் எந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. வேகம் குறைகிறது என்று வாயிலைத் திறந்தால், குழாயில் நிற்கும் அவ்வளவு தண்ணீரும் நகர்ந்து வேகமெடுக்க நேரம் வேண்டும். திறந்த முதல் கணம் எந்திரத்தடியில் அழுத்தம் விழுந்து வலு கூடாமல் இன்னும் குறையும். உதவி கேட்டவனை முதலில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பிறகுதான் கையைப் பிடித்துத் தூக்கும். ஓடும் எந்திரத்தின் அளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதே என்று இந்தத் தொழிலில் சொல்லும் கைக்கணக்கு இதற்காகத்தான். 30க்கு அது ஒன்றரை மெகாவாட். நான் ஏற்றியது ஏழு.

முள் 50இல் இருந்து 49, 48 என்று இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். ரிலே இயங்கி எந்திரம் நின்றது. ஏற்கெனவே வெளிச்சம் வந்திருந்த ஊர்களும் மறுபடி இருண்டன. முதலில் இருந்து தொடங்கி அதே இடத்துக்கு வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பதிவேட்டில் நான் எழுதிய வசனம்: 'மீடிறன் குறைவினால் எந்திரம் நின்றது.' யார் குறைத்தது என்று எழுத அந்தப் பதிவேட்டில் நிரலும் இல்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அந்த ஒப்பரேட்டரை நான் ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை. குரல் மட்டும் இருக்கிறது. "ஹரி, சேர்."

இதை மூன்று சனிக்கிழமை கழித்து வகுப்பில் சொன்னேன். எப்படிச் சொல்லத் தொடங்கினேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. கொழுத்தும் வெயில், ஏசி வேலை செய்யவில்லை, பவர்பொயின்ட்டில் நீர்மின் நிலையப் படம் நின்றுகொண்டிருந்தது. சொல்லி முடித்தபோது மலைநாட்டில் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், கேட்டாள்:

"அவருக்குத்தான் பெரிசுன்னு தெரிஞ்சிருக்கே சேர். அப்புறம் ஏன் குடுத்தாரு?"

பல வருடமாக நான் என்னையே கேட்காமல் தவிர்த்து வந்த கேள்வி. நான் சேர் என்பதால் கொடுத்தார் என்பது பாதிப் பதில். மறு பாதியை அன்று அவர்கள் முன்னால் நின்று யோசித்தபடிதான் கண்டுபிடித்தேன். அவருக்குத் தெரிந்தது அனுபவத்தால் வந்தது. இப்படியான இரவுகளில் பெரிய ஃபீடரைக் கொடுத்தால் விழும் என்று கண்டு வைத்திருந்தார். ஆனால் ஏன் விழும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்ததெல்லாம் ஒழுங்குதான்: லைனை நிறுத்தும்போது முதலில் பிரேக்கர், பிறகு லைனைப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர், பிறகு எர்த். திரும்பக் கொடுக்கும்போது இதே ஒழுங்கு தலைகீழாக. தப்பாமல் செய்வார்கள், கையிலேயே ஊறிவிட்டிருக்கும். பதினெட்டு மிச்சம் இருக்கிறது என்று நான் இலக்கத்தைக் காட்டியபோது, எதிரே காட்ட அவரிடம் ஓர் இலக்கம் இருக்கவில்லை. இருந்திருந்தால் "மிச்சம் இருக்கிறது சரி, ஒரே தடவையில் எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டிருப்பார். நான் வாயடைத்துப் போயிருப்பேன். அல்லது கோபப்பட்டிருப்பேன். எப்படியோ ஃபீடர் போயிருக்காது.

ஒப்பரேட்டர்களுக்கு எதற்கு இவ்வளவு ஏன், எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் சார்ந்திருந்த தொழிலிலேயே நிறையப் பேர். பொறியியலாளன் யோசிப்பான், ஒப்பரேட்டர் செய்வான், இரண்டையும் குழப்பாதே என்பார்கள். ஏன் என்று தெரிந்தவன் ஆபத்து நேரத்தில் தர்க்கம் பண்ணுவான், ஒழுங்கு தெரிந்தவன்தான் கையை வைப்பான் என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐசொலேட்டரைப் பாரத்தோடு திறக்கக் கூடாது என்பதைப் பத்து நிமிடம் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஒருவரோடு 132 கிலோவோல்ட் முற்றத்தில் நிற்க எனக்கும் விருப்பமில்லை. ஆனாலும் அந்த இரவில் என் பக்கம் 'ஏன்' இருந்தது, அவர் பக்கம் ஒழுங்கு இருந்தது, இரண்டும் ஒரு தொலைபேசிக் கம்பியின் இரண்டு முனையில் இருந்தன. நடுவில் இருந்தது 'சேர்' என்ற ஒரு சொல்.

சில்லைப் பார்த்து நடப்பவர்

தேர்த்திருவிழாவில் எல்லாரும் வடத்தைப் பிடிப்பார்கள், அரோகரா சொல்வார்கள், சாமியைப் பார்ப்பார்கள். சில்லுக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் முட்டுக்கட்டையோடு குனிந்தபடி நடப்பார். அவர் சாமியைப் பார்ப்பதில்லை. சில்லு எந்தப் பக்கம் சாய்கிறது, தெரு எங்கே இறங்குகிறது, அதுதான் அவர் கண்ணில். நாம் முட்டுக்கட்டை போடுகிறவன் என்று திட்டுகிறோம். கந்தோரில் கோப்பை மறிப்பவன், கலியாணப் பேச்சைக் குழப்புகிறவன் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான். தேரை இழுத்துப் பார்த்தவன் அந்தச் சொல்லை அப்படிப் பாவிக்க மாட்டான்.

அதன் பிறகு பாடத்தின் ஒழுங்கை மாற்றினேன். முன்பு ஜெனரேட்டரில் தொடங்கி ட்ரான்ஸ்போமர், 220 கிலோவோல்ட், 132, 33 என்று ஆறு இறங்குவதுபோல் இறங்கி, கடைசி நாளில் வீட்டு 230 வோல்ட்டுக்கு வருவேன். இப்போது முதல்நாளே சைக்கிள். புறக்கோட்டையிலும் பஞ்சிகாவத்தையிலும் அலைந்து ஒரு பழைய டைனமோ எடுத்தேன். கடைக்காரர் அதைத் துடைத்துத் தரும்போது "மியூசியத்துக்கோ?" என்றார். கொழும்பில் எனக்கென்று இந்தக் கடைக்காரர்கள் வாய்க்கிறார்கள். சைக்கிளை வகுப்பில் கவிழ்த்து வைத்து ஒவ்வொருவரையும் சுற்றச் சொல்லி, அவர்கள் பார்க்காத நேரம் இரண்டாவது பல்பைக் கொளுவுவேன். பெடல் கனக்கும்போது முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சடத்துவம் என்ற சொல்லுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் பிள்ளை மட்டும் சுற்றி முடித்துவிட்டு, "எங்க ஊருப் பக்கம் குழாய் மலையிலேர்ந்து நேரா எறங்கும் சேர். அந்தத் தண்ணி நகர எவ்ளோ நேரமாகும்னு இப்பதான் யோசிக்கிறேன்," என்றாள். நான் பல வருடம் படம் காட்டி விளக்கியதை அவள் வீட்டு வாசலில் இருந்து பார்த்து வளர்ந்திருக்கிறாள்.

கடைசிச் சனிக்கிழமைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தேன். நான் எக்ஸெலில் எழுதிய கணக்குத்தாள்தான் எந்திரம். ஒவ்வொருவரும் ஒரு சப்ஸ்டேஷன், ஆளுக்கு ஒரு தாள், அதில் அவர்களுடைய ஃபீடர்கள், அந்த நிமிடத்து மீடிறன். நான் பக்கத்து அறையில் கட்டுப்பாட்டு அறையாக உட்கார்ந்து வாட்ஸப்பில் அழைப்பேன். நாடு முழுக்க இருட்டு, ஓடுவது 30 மெகாவாட் எந்திரம் ஒன்று. விதி ஒன்றுதான்: நான் சேர் இல்லை. முதல் தடவை ஆறு பேரில் ஐந்து பேர் நான் கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்கள், தீவு நாலு நிமிடத்தில் விழுந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் தாக்குப் பிடித்தது. மூன்றாவது தடவை நோர்ட்டன் பிரிட்ஜ் பிள்ளையை அழைத்து, 2 மெகாவாட் என்று எழுதியிருந்த ஒரு ஃபீடரைக் கொடுக்கச் சொன்னேன்.

"முடியாது சேர். ஓடுறது முப்பது மெகாவாட் மெஷின் ஒன்னு. தாள்ல ரெண்டுன்னுதான் இருக்கு, ஆனா ரெண்டு மணித்தியாலம் இருட்டுல இருந்திருக்கு. வந்தா மூனு நாலு இழுக்கும். சின்ன ஃபீடரா ஒன்னு சொல்லுங்க."

"கொடுங்கோ எண்டு சொல்றன்," என்றேன், குரலை உயர்த்தி.

"முடியாது சேர்."

வகுப்பறையில் கைதட்டும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. எனக்கும் தட்டத்தான் கை வந்தது. ஆனால் என் திரையில் வேறு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பாரம் அதிகம் இல்லாமல் நீண்ட லைனை உயிர்ப்பித்து வைத்தால் அதன் மறுமுனையில் வோல்டேஜ் தானாக ஏறும். 132 இருக்க வேண்டிய இடத்தில் என் தாள் 144 காட்டியது. 145ஐத் தாண்டினால் லைன் போய்விடும். கொஞ்சம் பாரம் போட்டே ஆக வேண்டும், அந்த முனையில் என்னிடம் இருந்த ஒரே ஃபீடர் அவளுடையதுதான். மூன்றாவது தடவையும் தீவு விழுந்தது, இந்த முறை கொடுக்காததால்.

வகுப்புக்குத் திரும்பிப் போய்த் திரையைக் காட்டினேன். கைதட்டியவர்கள் அமைதியானார்கள். உண்மையான சப்ஸ்டேஷனில் சுவரில் வோல்ட் மீற்றர் இருக்கும், என் காகிதச் சப்ஸ்டேஷனில் நான் எழுதியது மட்டும்தான் இருக்கும் என்று ஏதோ சமாளித்தேன். அவள் தன் தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தாள், மறுபக்கம் திருப்பியும் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"ஃபீடர் குடுன்னுதானே சேர் சொன்னீங்க. வோல்டேஜ் ஏறுதுன்னு சொல்லவே இல்லையே?"

கடைசி வரிசையில் பெடியன் கொப்பியைத் திறந்தான்.